நீதிமன்ற ஒப்பந்தம்: அறிவிப்பு வரும் வரை காத்திருக்காதீர்கள்

கேள்வி: கலிஃபோர்னியாவில் ஃப்ரீமான்ட் நகரில் ஒரு சிறு நிறுவனம் நடத்துகிறேன். காகித ஆவணங்களை ஸ்கேன் செய்து, தேடக்கூடிய கோப்புகளாக மாற்றிக் கொடுப்பது எங்கள் வேலை. வழக்கறிஞர் அலுவலகங்களும் மருத்துவமனைகளும் எங்கள் வாடிக்கையாளர்கள். சென்ற ஆண்டு ஒரு கவுண்டியின் (மாவட்டம் போன்ற நிர்வாகப் பகுதி) நீதிமன்றம் பழைய வழக்குக் கட்டுகளை ஸ்கேன் செய்ய டெண்டர் விட்டது. இரவு பகலாக உழைத்து விண்ணப்பித்தேன். "நிபந்தனைகளுக்கு உட்படவில்லை" என்று ஒரே வரியில் நிராகரித்துவிட்டார்கள். விலையைக்கூடப் பார்க்கவில்லை. "இதெல்லாம் முன்பே பேசி முடித்திருப்பார்கள், வேறு வேலையைப் பார்" என்கிறார் நண்பர். மாநில நீதித்துறை பொதுக் கூட்டங்கள் நடத்துகிறது, யாரும் பார்க்கலாம் என்று கேள்விப்பட்டேன். தொழிலை விட்டுவிட்டு அங்கே போய் உட்கார்வதால் பயன் உண்டா? இன்னொரு கேள்வி: என் மனைவி நீதிமன்றத்தில் தமிழ் மொழிபெயர்ப்பாளராகப் பணியாற்ற விரும்புகிறார். அதற்கும் டெண்டர்தானா?

— பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

பதில்: உங்கள் நண்பர் சொன்னதில் பாதி சரி. டெண்டர் அறிவிப்பு வெளியாகும் நாளில் முக்கியமான முடிவுகள் பலவும் எடுக்கப்பட்டிருக்கும். எந்தக் கோப்புகளை முதலில் மாற்றுவது, அதற்கான பணம் எந்தக் கணக்கிலிருந்து வருவது, எத்தனை ஆண்டுக்குள் முடிப்பது என்பதெல்லாம் அதற்குள் தீர்மானமாகியிருக்கும். ஆனால் அவற்றில் பல, நாளும் நேரமும் அறிவித்து, நிகழ்ச்சி நிரலை வெளியிட்டு, யாரும் கேட்கும்படி நடந்த கூட்டங்களில் பேசப்பட்டவை. உங்களைப் போன்ற சிறு நிறுவனங்கள் அந்தக் கூட்டங்களைக் கவனிப்பதில்லை. பெரிய நிறுவனங்கள் அதற்கென்றே ஆள் வைத்துக் கவனிக்கின்றன. இரண்டு தரப்புக்கும் உள்ள இடைவெளி பெரும்பாலும் இதுதான்.

யார் எதை முடிவு செய்கிறார்கள் என்பதில் தெளிவு வேண்டும். கலிஃபோர்னியாவின் நீதிமன்றங்களுக்குக் கொள்கை வகுக்கும் அமைப்பு ஜுடிஷியல் கவுன்சில். 1926-இல் மாநில அரசியல் சட்டத் திருத்தத்தால் உருவானது. மாநிலத் தலைமை நீதிபதிதான் இதன் தலைவர். நீதிபதிகள், வழக்கறிஞர்கள், சட்டமன்றத்தின் இரு அவைகளிலிருந்தும் ஒவ்வோர் உறுப்பினர் என 21 பேருக்கு வாக்குரிமை உண்டு. கவுண்டிக்கு ஒன்றாக 58 சுப்பீரியர் கோர்ட்டுகள், அதாவது விசாரணை நீதிமன்றங்கள், இருக்கின்றன. 1997-ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகு இந்தக் கோர்ட்டுகளை நடத்தும் செலவை முதன்மையாக மாநிலம் ஏற்றுக்கொண்டது. 2002-ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகு நீதிமன்றக் கட்டடங்களின் பொறுப்பும் கவுண்டிகளிடமிருந்து படிப்படியாக மாநிலத்துக்கு மாறியது. அதனால் நீங்கள் கவுண்டி அலுவலகத்தின் டெண்டர் பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தால் தவறான வாசலில் நிற்கிறீர்கள் என்று பொருள். நீதிமன்றத்தின் பெயரில் கவுண்டி இருந்தாலும் கொள்முதல் கவுண்டியுடையது அன்று. மாநில அரசுத் துறைகளுக்கான பொதுக் கொள்முதல் தளத்தை மட்டும் பார்ப்பதும் போதாது. ஜுடிஷியல் கவுன்சில் தன் டெண்டர்களைத் தன் இணையதளத்தில் வெளியிடுகிறது. ஒவ்வொரு சுப்பீரியர் கோர்ட்டும் தன் கொள்முதலைத் தானே செய்கிறது. ஃப்ரீமான்ட் இருப்பது அலமேடா கவுண்டியில். சான்டா கிளாரா, சான் மட்டேயோ, கான்ட்ரா கோஸ்டா, சான் வாக்கீன் ஆகியவை அக்கம்பக்கத்தில் இருக்கின்றன. இந்த ஐந்து கோர்ட்டுகளின் ஒப்பந்தப் பக்கங்களையும் வாரம் ஒரு முறை திறந்து பாருங்கள். 58-ஐயும் துரத்த வேண்டாம்.

விதிகள் எங்கே என்று கேட்பீர்கள். 2011-இல் நீதித்துறை ஒப்பந்தச் சட்டம் வந்தது. மாநிலத் துறைகள் பொருளும் சேவையும் வாங்கும்போது பின்பற்றும் சட்ட விதிகளோடு நீதிமன்றங்களின் கொள்முதலும் ஒத்துப்போக வேண்டும் என்று அது கட்டாயமாக்கியது. புதிய நீதிமன்றக் கட்டுமானத்துக்கு அதில் விலக்கு உண்டு, கட்டடப் பராமரிப்புக்கு இல்லை. அந்தச் சட்டப்படி கவுன்சில் வெளியிட்ட ஒப்பந்தக் கையேடு இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. ஒப்பந்த அதிகாரி கையில் வைத்திருப்பதும் அதே கையேடுதான். முழுவதும் படிக்க வேண்டியதில்லை. ஐ.டி. அல்லாத சேவைகளுக்கான பகுதி, பிறர் போட்ட ஒப்பந்தத்தைப் பயன்படுத்துவது பற்றிய பகுதி, ஆட்சேபம் தெரிவிப்பது பற்றிய பகுதி, இந்த மூன்றையும் கட்டாயம் படியுங்கள்.

இப்போது கூட்டங்களுக்கு வருகிறேன். போவதால் பயன் உண்டா என்று கேட்டீர்கள். உண்டு. ஆனால் அங்கே போய் உட்கார வேண்டும் என்பதுகூட இல்லை. கவுன்சிலின் கூட்டங்கள் இணையத்தில் நேரலையாக வருகின்றன. ஆலோசனைக் குழுக்களின் கூட்டங்கள் பலவற்றை ஒலியாகக் கேட்கலாம். கவுன்சிலைவிட இந்த ஆலோசனைக் குழுக்களே உங்களுக்கு முக்கியம். ஒரு திட்டம் கவுன்சிலின் முன் வரும்போது பெரும்பாலும் பழுத்துவிட்டிருக்கும். அது காயாக இருக்கும்போது பேசப்படும் இடம் குழுதான். நிதிப் பங்கீட்டைப் பற்றி விசாரணை நீதிமன்ற பட்ஜெட் ஆலோசனைக் குழு பேசுகிறது. கணினி, எண்முறை (டிஜிட்டல்) பதிவேடு போன்றவற்றைத் தொழில்நுட்பக் குழு பேசுகிறது. கட்டடப் பழுது, மாற்றியமைப்பு ஆகியவற்றுக்குத் தனிக் குழு இருக்கிறது.

மாநில அரசுத் துறைகளுக்கும் உள்ளாட்சி மன்றங்களுக்கும் உள்ள திறந்த கூட்டச் சட்டங்கள் நீதித்துறையைக் கட்டுப்படுத்தாது. அதற்குப் பதிலாக நீதித்துறை தனக்கென விதி வகுத்துக்கொண்டது. கலிஃபோர்னியா நீதிமன்ற விதிகளில் 10.75 என்ற விதி 2014 ஜூலை முதல் நடைமுறையில் இருக்கிறது. ஆலோசனைக் குழுவின் கூட்டத்தையும் நிகழ்ச்சி நிரலையும் ஐந்து வேலை நாள்களுக்கு முன்பாவது அறிவிக்க வேண்டும், கூட்டத்துக்கான ஆவணங்களை மூன்று வேலை நாள்களுக்கு முன்பாவது வெளியிட வேண்டும் என்கிறது அது. சில குழுக்களுக்கு விலக்கு உண்டு. ஒப்பந்தப் பேச்சுவார்த்தை போன்ற விஷயங்களுக்காகக் கூட்டத்தை மூடவும் அனுமதி உண்டு. ஆகவே உங்கள் போட்டியாளர் என்ன விலை கேட்டார் என்பதை அங்கே கேட்க முடியாது. கேட்கக்கூடியது அதைவிட மதிப்பானது: எந்த நீதிமன்றத்தில் எவ்வளவு காகிதம் தேங்கியிருக்கிறது, யார் நிதி கேட்கிறார்கள், போன ஆண்டு கொடுத்த பணம் ஏன் செலவாகவில்லை, எந்தப் பணி அடுத்த ஆண்டுக்குத் தள்ளிப்போகிறது.

கூட்டத்தைக் கேட்பதைவிட அந்த ஆவணங்களைப் படிப்பதே பெரிய லாபம் என்பது என் உறுதியான கருத்து. ஒன்றரை மணி நேரக் கூட்டத்தில் உங்களுக்கு வேண்டியது சில நிமிடங்கள்தான் இருக்கும். ஆவணத் தொகுப்பில் தேடினால் அது உடனே கிடைத்துவிடும். ஒரு நீதிமன்றம் தன் கோரிக்கையில் பழைய குடும்ப நல வழக்குக் கோப்புகளை எண்முறைக்கு மாற்ற நிதி வேண்டும் என்று எழுதியிருந்தால், அந்த வரியைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். பல மாதங்கள் கழித்து வரப்போகும் டெண்டரின் விதை அதில் இருக்கலாம்.

காலண்டரையும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். மாநிலத்தின் நிதியாண்டு ஜூலை 1-இல் தொடங்குகிறது. ஆளுநர் ஜனவரி 10-ஆம் தேதிக்குள் பட்ஜெட் முன்மொழிவை வைக்க வேண்டும். மே மாத நடுவில் திருத்தம் வரும். ஜூன் 15-க்குள் சட்டமன்றம் நிறைவேற்ற வேண்டும். நீதித்துறை கூடுதல் நிதி கேட்டு எழுதும் கோரிக்கைகள் இதற்கெல்லாம் முன்பே குழுக்களில் பேசி முடிவாகிவிடும். ஜனவரியில் ஆளுநரின் முன்மொழிவில் நீதித்துறைப் பகுதியைப் படித்தாலே எந்தத் திட்டத்துக்குப் பணம் வரக்கூடும் என்பது தெரிந்துவிடும்.

மாநில அளவில் இவ்வளவு. உள்ளூர் அளவில் பலர் அறியாத ஒன்று இருக்கிறது. ஒவ்வொரு விசாரணை நீதிமன்றமும் தன் ஆண்டு பட்ஜெட் திட்டத்தை ஏற்கும் முன் பொதுமக்களுக்கு அறிவித்து, கருத்துச் சொல்ல வாய்ப்புக் கொடுக்க வேண்டும் என்று மாநிலச் சட்டம் சொல்கிறது. குறிப்பிட்ட அளவுக்கு மேற்பட்ட ஒப்பந்தத்தைப் போட்டியில்லாமல் கொடுக்க நினைத்தால் அதற்கும் முன்னறிவிப்பு வேண்டும் என்பது விதி 10.620. இந்த அறிவிப்புகளுக்குப் பெரும்பாலும் யாரும் பதில் எழுதுவதில்லை. "இந்தப் பணியைச் செய்ய இப்பகுதியில் வேறு நிறுவனங்கள் இருக்கின்றன, போட்டிக்கு விடுங்கள்" என்று காரணங்களோடு ஒரு பக்கக் கடிதம் எழுதுவது உங்கள் உரிமை. பொதுப்பணம் செலவாகும் முறை பற்றிய கருத்து அது. எழுதுங்கள்.

ஆனால் ஓர் எல்லை இருக்கிறது. பொதுக் கருத்துக்கு ஒதுக்கிய நேரத்தில் எழுந்து உங்கள் நிறுவனத்தின் பெருமையைப் பேசாதீர்கள். அது சரக்கு விற்கும் இடம் அன்று. காகிதக் கோப்பு மாற்றத்தில் நடைமுறையில் என்ன சிக்கல் வரும், டெண்டரைச் சிறு பகுதிகளாகப் பிரித்தால் சிறு நிறுவனங்கள் எப்படிப் பங்கேற்க முடியும் என்று பேசலாம். டெண்டர் வெளியாகும் முன் கொள்முதல் அலுவலரைச் சந்தித்து உங்களை அறிமுகப்படுத்திக்கொள்வதிலும் தவறில்லை. சில சமயம் கோர்ட்டே டெண்டருக்கு முன் "இத்துறையில் உள்ளவர்கள் தகவல் கொடுங்கள்" என்று அறிவிப்பு விடும். அதற்குக் கட்டாயம் பதில் எழுதுங்கள். டெண்டர் வெளியானதோ, அந்த நொடியிலிருந்து வாய் மூடிவிட வேண்டும். அறிவிப்பில் கொடுத்துள்ள ஒரே மின்னஞ்சல் முகவரி தவிர வேறு யாரிடமும், தெரிந்த நீதிபதியிடமோ கோயில் விழாவில் சந்தித்த அலுவலரிடமோ, அதைப் பற்றி ஒரு சொல்லும் பேசக் கூடாது. நம்மவர்கள் சிலர் "ஒரு வார்த்தை சொல்லி வைக்கலாமே" என்று அக்கறையோடு முன்வருவார்கள். தடுத்துவிடுங்கள். அந்த ஒரு வார்த்தைக்காக நீங்கள் போட்டியிலிருந்தே நீக்கப்படலாம்.

இனி உங்கள் நிராகரிப்புக்கு வருவோம். விலையைப் பார்க்கவில்லை என்று வருந்துகிறீர்கள். இந்த வகை டெண்டர்களில் தொழில்நுட்ப முன்மொழிவையும் விலையையும் தனித்தனி உறைகளில் அல்லது தனித்தனிக் கோப்புகளில் கேட்பது வழக்கம். முதல் கோப்பு தேறினால்தான் இரண்டாவது திறக்கும். தொழில்நுட்பக் கோப்பில் எங்காவது ஒரு விலையைக் குறிப்பிட்டிருந்தால்கூட அது தள்ளுபடிக்குக் காரணமாகலாம். கையொப்பம் இல்லாத சான்றுப் படிவம் இன்னொரு காரணம். சூடானோடு தொழில் தொடர்பு பற்றிய சான்று, பாகுபாடு காட்டுவதில்லை என்ற சான்று, வரி விவரப் படிவம் எனப் பல கேட்பார்கள். "எங்களுக்கும் சூடானுக்கும் என்ன தொடர்பு" என்று நினைத்து அந்தத் தாளை விட்டுவிடுவோர் உண்டு. தொடர்பு இல்லை என்றாலும் இல்லை என்று கையெழுத்துப் போட்டுக் கொடுக்க வேண்டும்.

என் சந்தேகம் வேறோர் இடத்தில் விழுகிறது. ஒப்பந்த நிபந்தனைகளை ஏற்கிறேன் என்ற படிவத்தில் நீங்கள் ஏதாவது மாற்றம் கேட்டீர்களா? மாற்றம் கேட்கலாம், அதற்கென்று முறை உண்டு. ஆனால் குறைந்தபட்ச நிபந்தனைகள் என்று குறியிட்டிருக்கும் பிரிவுகளில் கை வைத்தால், எஞ்சிய முன்மொழிவு எவ்வளவு நன்றாக இருந்தாலும் படிக்காமலே ஒதுக்கிவிடுவார்கள். வணிக வழக்கறிஞர் ஒருவரிடம் காட்டி, அவர் தனியார் ஒப்பந்தத்தில் செய்வதுபோல் எல்லாப் பிரிவிலும் திருத்தம் எழுதிக் கொடுத்து, அதை அப்படியே அனுப்பி வாய்ப்பை இழப்பது சிறு நிறுவனங்களில் நடப்பதுதான். ஒரு நிபந்தனை உங்களால் முடியாதது என்றால் அதை எழுப்ப வேண்டிய இடம் கேள்வி கேட்பதற்குக் கொடுத்த காலக்கெடு. உங்கள் கேள்வியும் அதற்கான பதிலும் பெயர் இல்லாமல் எல்லோருக்கும் வெளியாகும். நிபந்தனையே நியாயமற்றது என்று தோன்றினால் ஆட்சேபமும் தெரிவிக்கலாம். அதற்கான கெடு முன்மொழிவுக் கெடுவுக்குள்ளேயே முடிந்துவிடும். தோற்ற பிறகு அதைச் சொன்னால் எடுபடாது.

ஊகிப்பதை விடுங்கள், கேட்டே தெரிந்துகொள்ளலாம். நீதித்துறையின் நிர்வாக ஆவணங்களைப் பெறும் உரிமை விதி 10.500-இன் கீழ் 2010 முதல் இருக்கிறது. கோரிக்கை வந்த பத்து நாள்களுக்குள், கொடுக்கத்தக்க ஆவணம் இருக்கிறதா என்று முடிவு செய்து பதில் சொல்ல வேண்டும். உங்கள் முன்மொழிவு நிராகரிக்கப்பட்ட காரணம் பற்றிய பதிவு, வென்ற நிறுவனத்தின் முன்மொழிவு, மதிப்பெண் தாள், கையெழுத்தான ஒப்பந்தம் ஆகிய நான்கையும் டெண்டர் எண்ணைக் குறிப்பிட்டுக் கேளுங்கள். வணிக ரகசியம் என்று சில பகுதிகளைக் கறுப்படித்துக் கொடுக்கலாம். மீதியே போதும். வென்றவர் எழுதிய முறையைப் படித்தால் எந்தப் பயிற்சி வகுப்பும் கற்றுத்தராததைக் கற்றுக்கொள்வீர்கள். இதைச் சண்டைக் கடிதமாக எழுத வேண்டாம். மரியாதையான நான்கு வரி போதும்.

இன்னொரு சுரங்கம் இருக்கிறது. நீதித்துறை அமைப்புகள் எந்த நிறுவனத்துக்கு எதற்காக எவ்வளவு கொடுத்தன என்ற அறிக்கையை ஆண்டுக்கு இரு முறை சட்டமன்றத்தின் பட்ஜெட் குழுவுக்கும் மாநிலத் தணிக்கையாளருக்கும் கவுன்சில் அனுப்ப வேண்டும் என்கிறது அதே 2011-ஆம் ஆண்டுச் சட்டம். பத்து லட்சம் டாலரைத் தாண்டும் என மதிப்பிட்ட ஒப்பந்தம் கையெழுத்தானால் பத்து வேலை நாள்களுக்குள் தணிக்கையாளருக்குத் தனியாகத் தெரிவிக்க வேண்டும். அந்த அறிக்கைகளைத் திறந்து உங்கள் ஐந்து கோர்ட்டுகளின் பக்கத்துக்குப் போங்கள். ஆவணச் சேமிப்பு, ஸ்கேன் பணிகளுக்கு யாருக்குப் பணம் போகிறது, ஒப்பந்தம் எத்தனை முறை நீட்டிக்கப்பட்டிருக்கிறது என்பது தெரியும். நீட்டிப்பு முடியும் தேதிதான் உங்களுக்கான வாய்ப்பின் தேதி.

அப்படித் தேடும்போது ஒரு முட்டுக்கட்டையும் கண்ணில் படலாம். கவுன்சிலோ வேறோர் அரசு அமைப்போ போட்டி நடத்திப் போட்ட மாஸ்டர் ஒப்பந்தம் இருந்தால், ஒரு கோர்ட் தனியாக டெண்டர் விடாமல் அந்த ஒப்பந்தத்திலுள்ள நிறுவனத்திடம் நேரடியாக வேலை கொடுக்க முடியும். அப்போது நீங்கள் எவ்வளவு காத்திருந்தாலும் அறிவிப்பே வராது. உங்கள் துறையில் அப்படி ஒன்று இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இருந்தால் இரண்டு வழி: அது காலாவதியாகும்போது போட்டியிடுவது, அல்லது அதிலுள்ள பெரிய நிறுவனத்துக்குத் துணை ஒப்பந்ததாரராகச் சேர்வது. உங்கள் அளவுக்கு இரண்டாவது வழியில் தொடங்குவதே நல்லது என்பேன். நீதிமன்றக் கோப்புகளைக் கையாண்ட அனுபவம் என்று அடுத்த முன்மொழிவில் எழுத அது ஒரு வரியைக் கொடுக்கும்.

அந்த அனுபவம் ஏன் முக்கியம் என்றால், நீதிமன்றக் கோப்பு மருத்துவமனைக் கோப்பு போன்றது அன்று. சிறார் வழக்குகள் ரகசியமானவை. நீதிமன்ற ஆணைப்படி யாரும் பார்க்காதபடி முத்திரையிட்டு மூடிய ஆவணங்கள் தனியாகக் கையாளப்பட வேண்டியவை. எண்முறைப் பிரதியை எந்தத் தரத்தில் வைக்க வேண்டும், காகித மூலத்தை எப்போது அழிக்கலாம் என்பதற்குச் சட்டமும் விசாரணை நீதிமன்றப் பதிவேட்டுக் கையேடும் வழி சொல்கின்றன. உங்கள் முன்மொழிவு அந்தக் கையேட்டைத் தொட்டுப் பேசாமல் இயந்திரத்தின் வேகத்தையே பேசினால், மதிப்பிடுபவருக்கு நம்பிக்கை வராது. ஊழியர்களின் பின்னணிச் சோதனைக்கும் காப்பீட்டுக்கும் ஆகும் செலவை விலையில் சேர்க்க மறக்காதீர்கள். பணம், வேலையை முடித்து அவர்கள் ஏற்றுக்கொண்ட பிறகே வரும். சட்டமன்றம் நிதி ஒதுக்காவிட்டால் ஒப்பந்தத்தை நிறுத்தலாம் என்ற பிரிவும் இருக்கும். ஆரம்ப மாதங்களின் சம்பளத்தை உங்கள் கையிருப்பிலிருந்து கொடுக்க முடியாது என்றால் பெரிய ஒப்பந்தத்துக்கு இப்போது போகாதீர்கள்.

உங்கள் மனைவியின் கேள்விக்கு: அது டெண்டர் வழி அன்று, தேர்வு வழி. நீதிமன்ற வாய்மொழி மொழிபெயர்ப்பில் இரண்டு நிலைகள் உண்டு. மாநிலம் முழுமையான மொழிபெயர்ப்புத் தேர்வு நடத்தும் மொழிகளுக்குச் சான்றளிக்கப்பட்ட மொழிபெயர்ப்பாளர் என்ற நிலை. மற்ற மொழிகளுக்குப் பதிவு பெற்ற மொழிபெயர்ப்பாளர் என்ற நிலை. முதல் பட்டியலில் பஞ்சாபி இருக்கிறது, தமிழ் இல்லை. எனவே அவர் எழுத்துத் தேர்விலும், பிறகு பேச்சுத் திறன் தேர்விலும் தேறி, கவுன்சிலில் பதிவு செய்துகொள்ள வேண்டும். பதிவு பெற்றவர் கிடைக்காதபோது நீதிபதி ஒருவரைத் தற்காலிகமாக ஏற்க விதி இடம் தருகிறது. அதை நம்பி இருந்துவிட வேண்டாம், பதிவு பெற்றவருக்கே முன்னுரிமை. சட்டச் சொற்களோடு சாட்சி சொல்பவரின் வட்டார வழக்கும் பிடிபட வேண்டும். யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவரும் மதுரையிலிருந்து வந்தவரும் ஒரே தமிழில் பேச மாட்டார்கள்.

எந்த மொழிக்கு எவ்வளவு தேவை இருக்கிறது என்று ஐந்து ஆண்டுக்கு ஒரு முறை கவுன்சில் ஆய்வு செய்து அறிக்கை கொடுக்க வேண்டும் என்பது சட்டம். மொழிகளைப் பட்டியலில் சேர்ப்பது பற்றிய பேச்சு அந்த எண்ணிக்கையிலிருந்துதான் தொடங்குகிறது. தமிழர் ஒருவர் நீதிமன்றத்தில் "ஆங்கிலத்தில் சமாளித்துக்கொள்கிறேன்" என்று சொல்லும் ஒவ்வொரு முறையும் அந்தத் தேவை கணக்கில் ஏறாமல் போகிறது. மொழிபெயர்ப்பாளர் ஆலோசனைக் குழுவின் கூட்ட அறிவிப்புகளும் கவுன்சிலின் இணையதளத்தில்தான் வருகின்றன. உங்கள் மனைவி அடுத்த கூட்டத்தின் ஆவணங்களைப் படித்து, எழுத்து வடிவில் ஒரு கருத்தை அனுப்பட்டும். தேர்வுக்கான விண்ணப்பத்தையும் அதே வாரத்தில் அனுப்பட்டும்.